மேடை காலி, பாட்டு மட்டும் ஓடுகிறது

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். ‘போஹீமியன் ராப்சடி’ பாட்டின் நடுவில் வரும், பல குரல்கள் அடுக்கிய ஓபரா பகுதியை, பாடகர் ஃபிரெட்டி மெர்க்குரி இருந்த காலத்தில் பிரிட்டனின் குயீன் ராக் இசைக்குழு மேடையில் ஒருமுறைகூட வாயால் பாடியதில்லை என்று. அவ்வளவுதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றியே. சிலர் ஆதாரம் கேட்கிறார்கள், சிலர் திட்டுகிறார்கள், ஒருவர் என் காதைப் பரிசோதிக்கச் சொல்கிறார். முப்பது வருஷம் மேடை நிகழ்ச்சிகளில் ஒலி மிக்ஸர் முன்னால் உட்கார்ந்த சவுண்ட்காரனின் காது. டாக்டர் என்ன சொல்வார் என்பது எனக்கே தெரியும், விடுங்கள். மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை பக்கங்களை இந்தப் பாட்டுக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: வெம்பிளி, பூடாபெஸ்ட், மான்ட்ரியல் என்று குயீன் நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் யூடியூபில் பார்த்தவன் நான். எல்லாவற்றிலும் ஓபரா பகுதி இருக்கிறது. ‘கலிலியோ, கலிலியோ’ என்று காதில் விழுகிறதே, அதை யார் பாடுகிறார்கள்? உங்கள் தாத்தாவா?

பதில்: என் தாத்தாவுக்கு அவ்வளவு உச்சத்தில் குரல் போகாது. சரி, அதே வீடியோக்களை இன்னொரு முறை போடுங்கள். இந்த முறை காதை விட்டுவிட்டுக் கண்ணால் மட்டும் கவனியுங்கள். மெர்க்குரி பியானோவில் உட்கார்ந்து முதல் பகுதியைப் பாடுகிறார். கிடார்காரர் பிரையன் மே முன்னால் வந்து அந்த கிடார் சோலோவை (தனி வாசிப்பை) வாசிக்கிறார். சோலோ முடிந்ததும் விளக்குகள் அணைகின்றன. இப்போது மேடையைத் தேடிப் பாருங்கள். பியானோ முன்னால் ஆள் இல்லை. டிரம்ஸுக்குப் பின்னால் ஆள் இல்லை. நான்கு பேரும் உள்ளே போய்விட்டார்கள். ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு வண்ணமாக விளக்குகள் மட்டும் எரிந்து அணைந்துகொண்டிருக்கும். நீங்கள் கேட்பது 1975இல் ஸ்டுடியோவில் பதிவான அதே டேப். கடைசியில் டிரம்மர் ராஜர் டெய்லரின் குரல் கூரையைத் தொடும் இடத்தில் மேடையில் வெடி வெடிக்கும், புகை கிளம்பும், நான்கு பேரும் திரும்பி வந்து ராக் பகுதியை அடித்து நொறுக்குவார்கள்.

1977 சுற்றுப்பயணத்தில் இந்த ஏற்பாட்டுக்கு வந்தார்கள். 1986 ஆகஸ்ட் 9, நெப்வர்த் பூங்காவில் மெர்க்குரியோடு அவர்கள் கடைசியாக மேடையேறிய நாள் வரை இதை மாற்றவில்லை.

ஏன் பாடவில்லை என்றால், பாட முடியாது. மொத்தப் பாட்டு 5 நிமிடம் 55 விநாடி. அதில் ஓபரா பகுதி ஏறக்குறைய ஒரே ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்கு மூன்று வாரம் உழைத்தார்கள். மெர்க்குரி, மே, டெய்லர் மூன்று பேர்தான் பாடியவர்கள். பாஸ் கிடார் ஜான் டீக்கன் பாடவில்லை. மூன்று பேரும் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பாடிப் பாடி, ஒன்றின் மேல் ஒன்றாகக் குரலை அடுக்கினார்கள். அன்றைக்கு இருந்தது 24 டிராக் டேப், அதாவது 24 ஒலி வரிசைகளைத் தனித்தனியாகப் பதியலாம். டிராக்குகள் நிரம்பிவிட்டால் இருப்பதைக் கலந்து ஒன்றிரண்டு டிராக்கில் அடக்கி, காலியான இடத்தில் மறுபடி பாடுவது. இப்படி நூற்றெண்பது முறை மேலே மேலே பதிந்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பதிவுக் கருவியின் தலையைத் தேய்த்துத் தேய்த்து ஓடியதில் டேப்பின் மேல்பூச்சே உதிர்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்கு ஆகிவிட்டதாம். பதிவு டேப்பைக் கையில் எடுத்துப் பழகியவர்களுக்கு இதைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் பாட்டே கையை விட்டுப் போயிருக்கும்.

மேடையில் மூன்று மைக், மூன்று வாய். நூறு குரலுக்கு எங்கே போவது?

கேள்வி: அப்படியானால் டேப்பைப் போட்டு ஏமாற்றினார்கள் என்றுதானே பொருள்? காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் கேஸட்டையே வாங்கிவிட்டு வீட்டில் இருந்திருக்கலாமே?

பதில்: இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். இதே கோபம் எனக்கும் இருபது வயதில் இருந்தது.

மேடையில் டேப் ஓடுவது ஒரு விஷயம். டேப் ஓடும்போது பாடகர் என்ன செய்கிறார் என்பது இன்னொரு விஷயம். மைக்கை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்க வாயசைக்கிறாரே, அது ஏமாற்று. அவர் பாடுகிறார் என்று நம்மை நம்ப வைக்க அங்கே ஒரு முயற்சி நடக்கிறது. மிக்ஸர் பக்கம் நின்று அப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மைக்கின் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானை) முழுக்கக் கீழே இறக்கி வைப்பதுதான் அன்றைக்கு எனக்குச் சம்பளம்.

குயீனுக்கும் அது சுலபமாக முடிந்திருக்கும். மூன்று பேரும் மைக் முன்னால் நின்று டேப்போடு கொஞ்சம் சேர்ந்து பாடியிருந்தால், பின்வரிசையில் இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. அவர்கள் மேடையை விட்டே இறங்கிப் போனார்கள். இது டேப், நாங்கள் இல்லை, பாருங்கள் என்று மேடையைக் காலியாக விட்டுக் காட்டினார்கள். இதைவிட வெளிப்படையாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? இத்தனைக்கும் அது அவர்களுடைய மிகப் பெரிய வெற்றிப் பாட்டு. அதன் நடு மையத்தில், கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது, பாடகர் எழுந்து உள்ளே போகிறார். இதற்குத் துணிச்சல் வேண்டும். 1979இல் வந்த ‘லைவ் கில்லர்ஸ்’ ஆல்பத்திலும் அந்த டேப் பகுதியை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். மறைக்க நினைத்தவர்கள் முதலில் அதைத்தான் வெட்டியிருப்பார்கள்.

என் கட்சி இதுதான். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதலாம், ஆனால் தயவுசெய்து ஒரு பக்கத்துக்குள்.

கேள்வி: 1975 கிறிஸ்துமஸ் நேரத்து லண்டன் ஹாமர்ஸ்மித் நிகழ்ச்சியின் பதிவைக் கேட்டேன். அதில் இந்தப் பாட்டு பாதியில் நின்று வேறு பாட்டாக மாறிவிடுகிறது. என் பதிவில் ஏதாவது கோளாறா?

பதில்: உங்கள் பதிவு சரியாகத்தான் இருக்கிறது. கோளாறு அன்றைக்கு அவர்களுக்கு இருந்தது. பாட்டு 1975 அக்டோபர் 31 அன்று வெளியானது. நவம்பர் நடுவில் சுற்றுப்பயணம் தொடங்கியாயிற்று. மேடையில் இதை எப்படிக் கொண்டுவருவது என்று உட்கார்ந்து யோசிக்கவே நேரம் இல்லை. அதனால் பாட்டைத் துண்டு போட்டார்கள். ஓபரா பகுதியை டேப்பில் ஓடவிட்டு அதையே நிகழ்ச்சியின் தொடக்கமாக வைத்தார்கள். அது முடிந்ததும் குழு மேடைக்கு வந்து ராக் பகுதியை வாசித்து, அப்படியே ‘ஓகர் பேட்டில்’ பாட்டுக்குத் தாவிவிடும். பியானோவோடு வரும் முதல் பகுதி நிகழ்ச்சியின் நடுவில், பல பாட்டுகளைக் கோத்த ஒரு மெட்லியில் வரும். அதற்குப் பின் ‘கில்லர் குயீன்’, ‘மார்ச் ஆஃப் த பிளாக் குயீன்’, அப்புறம் மறுபடி நம் பாட்டின் கடைசிப் பகுதி.

நீங்கள் கேட்ட நிகழ்ச்சி 1975 டிசம்பர் 24. பிபிசி ஒளிபரப்பியது. அன்றைக்கு இந்தப் பாட்டு பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது. நாடே முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டை, அதைப் பாடியவர்களே துண்டாக்கித்தான் பரிமாற வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பதிவில் துணை வாத்தியம் இல்லாமல் குரல்கள் மட்டும் வருமே, அந்த முதல் 49 விநாடி மேடையில் கிடையாது. அதுவும் அடுக்கிய குரல்தானே. அதை விட்டுவிட்டு நேரே பியானோவிலிருந்து தொடங்குவார்கள்.

கேள்வி: பாட்டுக்கு என்ன அர்த்தம்? ஒருவனைச் சுட்டுவிட்டேன் என்று அதில் பாடுகிறாரே, யாரைச் சுட்டார், ஏன் சுட்டார்?

பதில்: மெர்க்குரி கடைசி வரை சொல்லவில்லை. மற்ற மூவரும் அவருக்காகச் சொல்லவில்லை. நான் யார்?

கேள்வி: கீபோர்டு கற்கிறேன். மெர்க்குரி இந்தப் பாட்டை வாசிக்கும்போது இடது கையைத் தூக்கி வலது கைக்கு மேலே கொண்டுபோகிறார். அது வெறும் ஸ்டைலா, தேவையா?

பதில்: இரண்டும். வலது கை நடுவில் அந்தச் சுழலும் வாசிப்பை விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறது. மேலே, உச்சப் பகுதியில் ஒரு சின்னத் தொடுதல் வேண்டும். வலது கையை எடுத்தால் சுழற்சி அறுந்துபோகும். அதனால் ஓய்வாக இருக்கும் இடது கை வேலி தாண்டிப் போய்த் தொட்டுவிட்டு வருகிறது. கைகள் குறுக்கே போவது பழைய பியானோ இலக்கியத்தில் சாதாரணம். மேடையில் பார்க்க அழகாக இருப்பது மெர்க்குரியின் அதிர்ஷ்டம். அவருக்கு அது தெரியும் என்றும் நினைக்கிறேன்.

பியானோவைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ராக் பகுதியில் கிடார் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் துணுக்கு) வாசிக்கிறதே, தலையை ஆட்டாமல் கேட்க முடியாத அந்த இடம், அதை உருவாக்கியவர் கிடார்காரர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது மெர்க்குரி பியானோவில் போட்டது. பியானோவில் இரண்டு கையாலும் ஆக்டேவ் (ஒரே ஸ்வரம், மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் சேர்ந்து) பிடித்து ஏறுபவருக்கு அது இயல்பு. கிடாரில் விரல்கள் இயல்பாகப் போகும் வழியே அது இல்லை. மே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் வாசிக்கும் கிடாரே தனிக் கதை. 1963இல் தன் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கியது. அதன் கழுத்து ஒரு பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரம். பிளாஸ்டிக் பிக்குக்குப் பதில் ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிப்பார். உலோகத்தின் விளிம்பு கம்பியில் உரசும் அந்தச் சன்னமான கரகரப்பு சோலோவின் தொடக்கத்தில் கேட்கும். நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

கேள்வி: கல்லூரி விழாவில் இந்தப் பாட்டைச் செய்யப் போகிறோம். ஐந்து பேர். ஓபரா பகுதியையும் நாங்களே பாடலாம் என்கிறான் எங்கள் டிரம்மர். முடியுமா?

பதில்: உங்கள் டிரம்மருக்கு ராஜர் டெய்லரின் தொண்டை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அந்த உச்சிக் ‘கலிலியோ’ அவர் பாடியது. பாட்டு முழுக்க மிக உயரத்தில் கேட்கும் குரல் மெர்க்குரியுடையது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம் டெய்லர்.

உங்களுக்கு என் கதையைச் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் நண்பர்கள் குழு ஒன்று இதே பாட்டை மேடையேற்றியது. குயீன் செய்தது போலவே செய்வது என்று முடிவு. சோலோ முடிந்ததும் விளக்கு அணைய வேண்டும், நான்கு பேரும் இறங்க வேண்டும், நான் கேஸட் டெக்கில் பிளே பட்டனை அழுத்த வேண்டும். ஒத்திகையில் ஆறு முறை செய்தோம், ஆறு முறையும் அச்சாக வந்தது. நிகழ்ச்சி நாளில் ஒத்திகை டெக் வரவில்லை, வேறு டெக் வந்தது. கேஸட்தானே, எதில் போட்டால் என்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த டெக்கின் மோட்டார் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும். மூன்று சதவீதம் இருக்கும். கேட்டால் ஒன்றும் தெரியாது. ஒரு நிமிடப் பகுதி இரண்டு விநாடி கூடுதலாக ஓடும், அதையும் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் மூன்று சதவீதம் என்பது சுருதியில் அரை ஸ்வரத்தில் பாதி. டேப் முடிந்து கிடார்காரன் முழு ஒலியில் உள்ளே வந்தபோது, கூரையை யாரோ ஒரு அடி நகர்த்தி வைத்தது போல இருந்தது. கூட்டம் கைதட்டியது, வெடியும் வெடித்தது, ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பாடகன் மட்டும் மேடையிலிருந்து நேராக என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை.

இன்றைக்கு உங்களிடம் லேப்டாப் இருக்கிறது, வேகம் மாறாது. இருந்தாலும் மூன்று விஷயம் பாருங்கள். பதிவை வைத்து கிடாரைச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள், கீபோர்டை வைத்து அல்ல. பாட்டு முழுவதற்கும் கிளிக் (தாளம் காட்டும் சீரான தட்டல்) போட்டுக்கொள்ள ஆசைப்படாதீர்கள். முதல் பகுதி பாடகரின் மூச்சுக்கு ஏற்ப இழுத்தும் விட்டும் போக வேண்டியது. அப்புறம், ஓபரா முடிந்து உள்ளே வரும் அந்த ஒரு நொடிதான் எல்லாம். அதை மட்டும் ஐம்பது முறை பழகுங்கள். டிரம்மர் முன்கூட்டியே இருட்டில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும். கால் இடறி ஸ்டாண்டைத் தள்ளினால் அந்தச் சத்தமும் பாட்டில் சேரும்.

கல்லூரியில் கோரஸ் பாடும் இருபது பேர் கிடைத்தால் நேரடியாகப் பாட வைத்துப் பாருங்கள். ஐந்து பேரால் முடியாதது இருபது பேரால் முடியும். டேப்பைவிட அது எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: லைவ் எய்ட் நிதி திரட்டும் நிகழ்ச்சியில் பாட்டைப் பாதியிலேயே விட்டுவிட்டார்களே, ஏன்? 2018இல் வந்த, குயீன் பற்றிய படத்தில் காட்டியதெல்லாம் உண்மையா?

பதில்: 1985 ஜூலை 13, வெம்பிளி மைதானம். ஒவ்வொரு குழுவுக்கும் இருபது நிமிடத்தை ஒட்டித்தான் நேரம். குயீன் மாலை 6.41க்கு ஏறியது. அந்த இருபது நிமிடத்தில் ஆறு பாட்டு. ஆறு நிமிடப் பாட்டு ஒன்றை முழுசாக வைத்தால் கணக்கு உதைக்கும். அதனால் பியானோப் பகுதி, சோலோ, அதோடு ‘ரேடியோ கா கா’வுக்குத் தாவல்.

இன்னொரு காரணமும் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. லண்டனில் ஜூலை மாதம் மாலை ஏழு மணிக்கு வெயில் அடிக்கும். விளக்கை அணைத்தால் இருட்டாகாது. பட்டப்பகலில் காலி மேடையையும் பியானோ மேல் இருக்கும் கோப்பைகளையும் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இருட்டு இல்லாமல் அந்த ஏற்பாடு எடுபடாது. மேடை வேலை தெரிந்தவர்கள் இதை முதலிலேயே யோசித்திருப்பார்கள்.

அன்றைக்கு மற்றவர்களைவிடத் தங்கள் ஒலி கூடுதலாக இருந்தது என்பதை டெய்லரே சொல்லியிருக்கிறார். ஒரு சவுண்ட்காரனாக அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய நிகழ்ச்சிகளில் பல குழுவுக்கும் ஒரே ஒலி அமைப்பு, யாரும் அளவு மீறக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருப்பார்கள். அதைச் சத்தமில்லாமல் தளர்த்துவது எங்கள் தொழிலின் பழைய கெட்ட பழக்கம்.

படத்தைப் பற்றி: நிகழ்ச்சியை அசைவுக்கு அசைவு பிரதியெடுத்திருக்கிறார்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கதைக்காக வளைத்த இடங்கள் உண்டு. குழு பிரிந்து கிடந்து லைவ் எய்டுக்காக ஒன்றுசேர்ந்ததாகக் காட்டுகிறார்கள். உண்மையில் அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே மாதம், ஜப்பானில் ஒரு சுற்றுப்பயணத்தை முடித்துவிட்டு வந்திருந்தார்கள். கை சூடாகவே இருந்தது. அந்த இருபது நிமிடம் அவ்வளவு கச்சிதமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நோய் விஷயத்தை நிகழ்ச்சிக்கு முன் மெர்க்குரி சொல்வதாக வருவதும் படத்துக்காகத்தான். அவருக்கு எய்ட்ஸ் தொற்று உறுதியானது 1987இல் என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது.

கேள்வி: இந்தப் பாட்டு எத்தனை வாரம் முதலிடத்தில் இருந்தது? அந்த இசைத்தட்டின் பின்பக்கத்தில் என்ன பாட்டு?

பதில்: பிரிட்டனில் ஒன்பது வாரம். அதை இறக்கிவிட்டு முதலிடத்துக்கு வந்த பாட்டு எது தெரியுமா? அபா குழுவின் ‘மம்மா மியா’. ஓபரா பகுதியில் அந்த இரண்டு சொல்லும் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். 1991 நவம்பர் 24 அன்று மெர்க்குரி இறந்த பின் மறுபடி வெளியிட்டார்கள், மறுபடி முதலிடம், ஐந்து வாரம். பின்பக்கத்தில் டெய்லர் எழுதிய கார் காதல் பாட்டு. ஒரு சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள இசைத்தட்டு) விற்றால் இரண்டு பக்கத்தை எழுதியவர்களுக்கும் சமமான ராயல்டி. யார் பாட்டுக்காக ஜனங்கள் வாங்கினார்கள் என்பதைப் பணம் பார்ப்பதில்லை. இதில் குழுவுக்குள் கொஞ்சம் புகைச்சல் இருந்ததை அவர்களே பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

கேள்வி: மெர்க்குரிக்குப் பின் இந்தப் பாட்டை மேடையில் யார் நன்றாகப் பாடினார்கள்?

பதில்: 1992 ஏப்ரல் 20, அதே வெம்பிளி மைதானத்தில் அவருக்கு அஞ்சலி நிகழ்ச்சி. முதல் பகுதியை எல்டன் ஜான் பாடினார். அப்புறம் வழக்கம்போல இருட்டு, டேப். வெடி வெடித்ததும் ராக் பாடகர் ஆக்ஸல் ரோஸ் புயல்போல உள்ளே ஓடிவந்து ராக் பகுதியைப் பிடித்தார். முடிவில் இருவரும் சேர்ந்து. பிசகில்லாமல் பாடினார்களா என்றால் இல்லை. ஆனால் அன்றைக்கு டேப் ஓடிய அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, அதில் மெர்க்குரியின் குரல் வருகிறது. இறந்து ஐந்து மாதம் ஆன ஒருவர் தன் அஞ்சலி நிகழ்ச்சியில் தானே பாடுகிறார். பதினைந்து வருஷமாக வசதிக்காகச் செய்துவந்த ஏற்பாடு அன்றைக்கு வேறு ஒன்றாகிவிட்டது.

பாடகர் பால் ராட்ஜர்ஸோடு குயீன் 2005இல் சுற்றுப்பயணம் போனபோது முதல் பகுதியை மெர்க்குரியின் பழைய மேடைப் பதிவே திரையில் பாடியது. அவருக்குப் பின் குயீனோடு பாட வந்த ஆடம் லாம்பர்ட் குரல்வளம் உள்ளவர், மெர்க்குரியாக நடிக்க முயலாதவர், அது எனக்குப் பிடிக்கும். அவருடைய காலத்திலும் மெர்க்குரி திரையில் வந்து போகிறார், ஓபரா பகுதி டேப்தான்.

கேள்வி: ஒரே ஒரு மேடைப் பதிவைத்தான் கேட்க வேண்டும் என்றால் எது?

பதில்: பெரும்பாலோர் 1986 ஜூலை வெம்பிளியைச் சொல்வார்கள். கூட்டம் பிரம்மாண்டம், மறுக்கவில்லை. நான் 1981 நவம்பர் மான்ட்ரியல் பதிவைச் சொல்வேன். மைதானம் இல்லாமல் உள்ளரங்கம் என்பதால் டிரம்ஸ் நெஞ்சில் அடிக்கிறது, பியானோவின் தனி ஒலி கேட்கிறது. படப்பிடிப்பும் சினிமாவுக்கு எடுக்கும் 35 மில்லிமீட்டர் பிலிமில் செய்தது.

எந்தப் பதிவைக் கேட்டாலும் இரண்டாவது சரணத்தில் மெர்க்குரி உச்சத்துக்குப் போக வேண்டிய இடத்தைக் கவனியுங்கள். ஸ்டுடியோவில் ஏறியதை மேடையில் பல இரவுகளில் கீழேயே வளைத்து முடித்துவிடுவார். சுற்றுப்பயணத்தில் நாளைக்கும் பாட வேண்டும், தொண்டையில் கட்டித் தொல்லை வேறு இருந்தது. அந்த வளைவுகள் ஒவ்வொரு இரவும் வெவ்வேறு மாதிரி இருக்கும். எனக்கு மேடைப் பதிவுகள் பிடிப்பதே அதற்காகத்தான்.

கேள்வி: மெர்க்குரி இந்தியரா?

பதில்: பெற்றோர் குஜராத்தி பார்சிகள். இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. பிறந்தது 1946இல் சான்சிபாரில். பள்ளிப் படிப்பு பாஞ்ச்கனி விடுதியில், முதல் இசைக்குழுவும் அங்கேதான். பியானோவும் அங்கே கற்றது. மற்றதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: உங்கள் கட்சியை ஏற்றுக்கொள்ள மாட்டேன். பாட ஆள் இல்லாத பாட்டை மேடைப் பாட்டு என்று சொல்லவே முடியாது.

பதில்: உங்கள் கடிதத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். 2017 ஜூலை 1, லண்டன் ஹைட் பூங்கா. கிரீன் டே குழுவின் நிகழ்ச்சி. தாங்கள் வருவதற்கு முன் இந்தப் பாட்டை ஒலிபெருக்கியில் போடுவது அவர்கள் வழக்கம். மேடையில் கருவிகள் இருக்கின்றன, ஆள் இல்லை. கீழே 65,000 பேர் நிற்கிறார்கள். முதல் வரியிலேயே பாடத் தொடங்கிவிட்டார்கள். பியானோப் பகுதி முடிந்தது, கிடார் சோலோ வந்தது, அதையும் வாயால் பாடினார்கள். அடுத்து ஓபரா. மூன்று பேர் மூன்று வாரம் உட்கார்ந்து அடுக்கிய அந்த ஒரு நிமிடத்தை, மேல்குரல் ஒரு கூட்டமும் கீழ்க்குரல் ஒரு கூட்டமுமாக, ‘கலிலியோ’வை ஒருவருக்கொருவர் எறிந்து பிடித்தபடி, யாரும் கைகாட்டாமல் பாடி முடித்தார்கள். அப்புறம் ராக் பகுதி வந்தது, மொத்தக் கூட்டமும் குதித்தது. வீடியோ இருக்கிறது, தேடிப் பாருங்கள். அதில் ஒலிப்பதிவு சுமார்தான். யாரோ மைக்கைக் கூட்டத்தின் பக்கம் சரியாகத் திருப்பவில்லை.